கார் பேட்டரியில் ஃப்ரிட்ஜ்: ராத்திரி முழுக்கத் தாங்குமா?

வாசகர் கேள்வி, 5 ஏப்ரல் 2024

சின்ன பெட்ரோல் கார். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கியிருக்கிறேன், 12 வோல்ட்டில் ஓடுவது. தூத்துக்குடியில் மீன் வாங்கிக்கொண்டு வால்பாறையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் கோவைக்குப் போக வேண்டும். கார் பேட்டரி 35 ஆம்பியர் மணி, ஃப்ரிட்ஜ் 45 வாட். 35-ஐ 12-ஆல் பெருக்கினால் 420. அதை 45-ஆல் வகுத்தால் 9 மணி நேரம் வருகிறது. ராத்திரி தாங்கிவிடும்தானே? விற்றவர், "கட் ஆஃபை லோவில் வைத்துவிடுங்கள், நடுவில் நிற்கவே நிற்காது" என்கிறார். (கட் ஆஃப் என்பது, வோல்ட் எவ்வளவு இறங்கினால் ஃப்ரிட்ஜ் தானாக நிற்க வேண்டும் என்ற எல்லை.)

5 ஏப்ரல் 2024, இரவு

ஃப்ரிட்ஜ் நிற்காது. காலையில் கார் செல்ஃப் எடுக்காது.

பெருக்கல் வகுத்தலில் தப்பில்லை. ஆனால் அந்த 35 ஆம்பியர் மணி என்பது பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக வடித்து, 10.5 வோல்ட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் வரைக்குமான கணக்கு. 10.5-க்கு இறங்கிய பேட்டரி செத்த பேட்டரி. அதை வைத்து ஹார்ன்கூட அடிக்க முடியாது. போதாக்குறைக்கு, கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து இன்ஜினைச் சுற்றவைப்பதுதான் அதன் வேலை. அடிமட்டம் வரை வடித்து வடித்து ஏற்றினால் சீக்கிரமே கைவிட்டுவிடும்.

காலையில் வண்டி எடுக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறிஞ்சாதீர்கள். உங்களுக்கு அது 12 ஆம்பியர் மணி. இரண்டு மூன்று வருடம் ஓடிய பேட்டரி என்றால் அதுவும் கிடையாது.

6 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 45 வாட் என்பது கம்ப்ரசர் ஓடும்போது இழுப்பது. அது விட்டுவிட்டுத்தான் ஓடும். உள்ளே எல்லாம் குளிர்ந்து, வெளியே 28 டிகிரி இருக்கும் ராத்திரியில், 4 டிகிரிக்கு வைத்த நல்ல ஃப்ரிட்ஜ் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் அதிகம். சராசரி ஒன்றேகால், ஒன்றரை ஆம்பியர் வரும். எட்டு மணி நேரத்துக்கு 10 முதல் 12. வால்பாறைக் குளிரில் இன்னும் குறையும்.

ஆக, விளிம்பில் நிற்கிறீர்கள். புது பேட்டரி, குளிர்ந்த ராத்திரி, முன்கூட்டியே குளிர்ந்த சரக்கு என்றால் தாங்கும். இதில் ஏதாவது ஒன்று தவறினால் காலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் தள்ளு வண்டியில்தான் இறங்க வேண்டும். (இறக்கம் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்வது சுலபம். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அந்த ஆறுதலும் இல்லை.)

வண்டி ஓடும்போது கவலை வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு 4 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, ஹெட்லைட்டே அதைவிட அதிகம் தின்னும். மதுரை வழியாக கோவைக்கு 350 கிலோமீட்டர் நேராகப் போவதாக இருந்தால் இந்தக் கேள்வி பதில் இழையே தேவைப்பட்டிருக்காது. சிக்கல் முழுக்க வண்டி நிற்கும் நேரத்தில்தான்.

6 ஏப்ரல் 2024, சற்று நேரம் கழித்து

ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

9 ஏப்ரல் 2024

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "பேட்டரி ஃபுல் சார்ஜ், ஆனால் ஃப்ரிட்ஜ் அரை மணிக்கு ஒருமுறை எரர் காட்டி நிற்கிறது. ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடவா?"

கொடுக்காதீர்கள். பத்தில் எட்டு பேருக்கு ஃப்ரிட்ஜில் கோளாறு இருக்காது, பேட்டரியிலும் இருக்காது. வயரும் சாக்கெட்டும்தான் குற்றவாளி. நான் இந்த இழையில் சொல்ல வந்ததே இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உபரி.

என் மச்சான் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் தொடங்கும்போதெல்லாம் ஃப்ரிட்ஜின் திரையில் 12.1 என்று இருந்தது 11.2, 10.9 என்று இறங்கி, கம்ப்ரசர் நின்றதும் திரும்ப ஏறிவிடும். பிளக்கை உருவிப் பார்த்தால் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன உலோக மூக்கு தொட முடியாத சூடு. அதைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்பு வளையமாக இளகி, மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டது. அதனால் தொடர்பு சரியாக இல்லை, தொடர்பு இல்லாததால் சூடு, சூட்டினால் ஸ்பிரிங் மேலும் தளர்கிறது. பீடி, சிகரெட் பற்றவைக்க ஒரு பத்து பதினைந்து நொடி சூடாக வேண்டும் என்று உருவான சாக்கெட் அது. நாள் முழுக்க 4 ஆம்பியர் கொடுக்க அது பிறக்கவில்லை. அதிலும் குண்டும் குழியுமான ரோட்டில் பிளக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்தார், 12.4. சாக்கெட்டில் வைத்தார், 11.3. அதே நேரம், அதே பேட்டரி. இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஆவியாகியிருந்தது. ஃப்ரிட்ஜுக்கு பேட்டரியின் முகம் தெரியாது, தன் வாசலுக்கு வந்து சேர்வதை வைத்துத்தான் முடிவெடுக்கும்.

10 ஏப்ரல் 2024

"எந்த வயர்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பானட்டிலிருந்து டிக்கி வரை சுற்றிவளைத்து இழுத்தால் 5 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று, மொத்தம் 10 மீட்டர் செம்பு. 4 ஆம்பியர் ஓடும்போது 1 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) வயரில் 0.7 வோல்ட் போய்விடும். இரண்டரை ஸ்கொயரில் 0.3-க்குச் சற்றுக் கீழே. 4 ஸ்கொயரில் 0.17. 6 ஸ்கொயரில் 0.12. நான் 4 போடச் சொல்வேன், பின்னால் இரண்டாவது பேட்டரி வைக்கும் ஆசை இருந்தால் 6. கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுப்பு கூடுதல், அதனால் இழப்பும் கூடுதல். வோல்ட் இறங்கினால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும், அதனால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

வீட்டு வயரிங்கில் மிச்சமிருப்பதை எடுத்துக் காரில் போடாதீர்கள். அந்த இன்சுலேஷன் பானட் சூட்டுக்கும் டீசல் கசிவுக்கும் ஆனதல்ல. சோலார்காரர்கள் வைத்திருக்கும் 4 ஸ்கொயர் டிசி கேபிள் இப்போது ஊர் ஊருக்குக் கிடைக்கிறது. ஈயம் பூசிய செம்பு, இரட்டை உறை, சூடு தாங்கும். முனையில் லக் (வயர் நுனிக்கான உலோகக் காது) வைத்து நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது.

ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃப்ரிட்ஜ் பக்கம் வைத்துவிட்டு "ஃபியூஸ் இருக்கிறது" என்பார்கள். வழியில் வயர் உரசித் தகரத்தைத் தொட்டால் அந்த ஃபியூஸுக்குச் செய்தியே போகாது, வயர்தான் எரியும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) துளை வழியாக வரும் இடத்தில் ரப்பர் வளையம், அதாவது கிரோமெட், கட்டாயம். எலி கடிக்கும் வீடு என்றால் ஃபிளெக்சிபிள் குழாய்க்குள் இழுங்கள்.

கம்பெனி வயரை எங்கும் வெட்ட வேண்டாம். வாரண்டி பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

12 ஏப்ரல் 2024

கட் ஆஃபைப் பற்றி முதல் நாள் பாதியில் விட்டது நினைவுக்கு வந்தது.

இந்த ரக ஃப்ரிட்ஜ்களில் பேர்போனது டான்ஃபாஸ் கம்ப்ரசர். 2010-க்குப் பிறகு செகாப் என்ற பெயரில் வருகிறது. அதன் பிடி35 கன்ட்ரோலரில் வேறெதையும் மாற்றாவிட்டால் 10.4 வோல்ட்டில் நிற்கும், 11.7-க்கு ஏறினால்தான் மறுபடி ஓடும். 10.5 என்றால் பேட்டரி காலி என்று மேலே சொன்னேனே, அதற்கும் கீழே போய்த்தான் இது கருணை காட்டுகிறது. அதாவது அந்த அமைப்பு கம்ப்ரசரைக் காப்பாற்றுகிறது, உங்கள் பேட்டரியை அல்ல. ஹை, மீடியம், லோ என்று மூன்று படி இருக்கும் ஃப்ரிட்ஜில் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு ஹை மட்டும்தான் சரி. லோ என்பது தனி பேட்டரிக்கோ லித்தியம் பெட்டிக்கோ.

விற்றவர் லோவில் வைக்கச் சொன்னதற்குக் காரணமும் புரிகிறது. ஹையில் வைத்தால் மெல்லிய வயர்க்காரர்களுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் அடிக்கடி நிற்கும், போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். லோவில் வைத்தால் புகார் பேட்டரிக் கடைக்குப் போய்விடும்.

வண்டி நின்று இரண்டு மணி நேரம் கழித்து, எதுவும் ஓடாதபோது மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் நிறை பேட்டரி. 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் அன்று ராத்திரி ஃப்ரிட்ஜ் என்ற பேச்சே வேண்டாம்.

21 ஏப்ரல் 2024

"ஆன்லைனில் 3,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வருகிறதே, அது போதாதா?"

அது ஃப்ரிட்ஜ் இல்லை சார், பெல்டியர் பெட்டி. 1834-இல் ஜான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆரம்பத்தில் கடிகாரம் செய்தவர், கண்டுபிடித்த விளைவு. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை, குலுங்கினாலும் கவலை இல்லை. ஆனால் வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் கீழே இறங்கும். மே மாத மதுரையில் 38-இல் 20-ஐக் கழித்தால் 18. மோர் வைத்துக் குடிக்கலாம், மீன் வைத்தால் நாறிவிடும். அதோடு பெரும்பாலானவை நிற்காமல் 4 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 96 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் பேட்டரியை ராத்திரிக்குள் முடித்துவிடும்.

7 மே 2024

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் எழுதிய "மூன்றில் ஒரு பங்கு நேரம்" என்பதை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரை ஏறுகிறது. கம்ப்ரசர் உள்ளிருந்து வெப்பத்தை எடுத்து இந்த 60 டிகிரிக்குள் தள்ள வேண்டும். விடாமல் ஓடும், ஓடியும் 4 டிகிரியைப் பிடிக்காது. சராசரி ஒன்றரை ஆம்பியர் என்று சொன்னது மதியத்தில் நேராக 4 ஆகிவிடும். மூன்று மணி நேரம் கோயிலுக்குள் போய்விட்டு வந்தால் உங்கள் 12 ஆம்பியர் மணி தீர்ந்தது. ராத்திரி எட்டு மணி நேரத்தைவிட மதியம் மூன்று மணி நேரம் மோசம்.

நிழலில் நிறுத்துங்கள், ஜன்னலை விரல் அளவு இறக்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜின் காற்று வரும் பக்கத்தில் பெட்டியைச் சேர்த்து அடுக்காதீர்கள். டிக்கியில் துணிமூட்டைக்கு நடுவே ஃப்ரிட்ஜைச் சொருகிவிட்டு "கூலிங் பத்தல" என்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

8 மே 2024

மீன் விஷயத்துக்கு வருவோம். நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்கே ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஏலக்கூடத்தில் பத்து கிலோ சீலா வாங்குகிறீர்கள், 30 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 2 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 280 வாட் மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சூட்டில் இந்தச் சின்ன கம்ப்ரசர் தின்னும் ஒரு வாட்டுக்கு ஒரு வாட், கொஞ்சம் மேலே, வெப்பம் வெளியேற்றும். ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்தால் 45 வாட் ஃப்ரிட்ஜ் ஆறு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில்தானே மீன் கெடுகிறது.

ஐஸோ, ஒரு கிலோ உருகும்போது 93 வாட் மணி வெப்பத்தை விழுங்கும். மூன்று கிலோ உடைத்த ஐஸ், மீனை ஒட்டிக்கொண்டே, சீக்கிரமாக அந்த வேலையை முடித்துவிடும். பத்து கிலோ ஐஸ் என்றால் 930 வாட் மணி, இந்த ஃப்ரிட்ஜ் 20 மணி நேரம் இடைவிடாமல் ஓடுவதற்குச் சமம். துறைமுகத்தில் ஐம்பது அறுபது வருடமாகப் பெட்டியில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று அடுக்குகிறவர்கள் ஒன்றும் தெரியாமல் அடுக்கவில்லை.

ஃப்ரிட்ஜுக்குக் குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கத் தெரியும். சூடாக இருப்பதைக் குளிரவைப்பதில் சோம்பேறி. எனவே மீனை ஐஸில் குளிரவைத்து, தண்ணீர் வடித்து, கவரில் கட்டி, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இல்லையென்றால் நல்ல தெர்மோகோல் பெட்டியே போதும், ஃப்ரிட்ஜை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். கேள்வி கேட்டவருக்கு இது பிடிக்காது, தெரியும்.

8 மே 2024, இரவு

மேலே சொன்னதை ராத்திரிக்கும் திருப்பிப் போடலாம்! ராத்திரி அந்த ஃப்ரிட்ஜுக்குள் சுவர் வழியாகக் கசிந்து வரும் வெப்பம் 16, 20 வாட்தான். வீட்டு ஃப்ரீசரில் உறையவைத்த இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 186 வாட் மணி. ஒன்பது மணி நேரத்துக்கு அது போதும். வால்பாறை போய்ச் சேர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பேட்டரியிலிருந்து ஒரு சொட்டுகூட எடுக்க வேண்டாம். வழியெல்லாம் ஆல்டர்னேட்டர் தயவில் பாட்டில் உருகாமல் வந்திருக்கும், அதற்கு ஃப்ரிட்ஜை உறைநிலைக்கு ஒட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிலை ஓடும் காரிலேயே உறையவைக்கலாமா என்றால், சூட்டுத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மூன்று மணி நேர ஓட்டம் ஆகும். வீட்டுக் கரண்டே மலிவு. கழுத்து வரை நிரப்பாதீர்கள், பனிக்கட்டி விரியும்.

19 மே 2024

"அம்மாவுக்கு இன்சுலின் எடுத்துப் போக வேண்டும், இதில் வைக்கலாமா?"

வைக்கலாம், ஆனால் மீன் விதிகள் இங்கே செல்லாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் பிறகு உருகி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த ஃப்ரிட்ஜ்களில் திரையில் 4 என்று இருக்கும்போதே சுவரை ஒட்டிய இடம் பூஜ்யத்துக்குக் கீழே போய்வரும், கம்ப்ரசர் ஓடும்போது சுவர்தானே குளிர்கிறது. என் அம்மாவின் மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, நடுவில் மேலாக வைப்பேன். பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர். உறைந்த பாட்டில் வித்தை செய்கிற அன்று, பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் நடுவே இன்னொரு துண்டு.

தற்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பி அல்லது பேனா பல வகைகளில் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வெளியிலேயே இருக்கும். எத்தனை நாள் என்பது வகைக்கு வகை மாறும், அட்டைப்பெட்டியில் உள்ள தாளில் எழுதியிருக்கும். அதற்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. பூட்டிய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என் வீட்டில் இப்போது இன்சுலினுக்கு ஓரமாக இடம் கிடைப்பதே பாடு. மதுரையைத் தாண்டினால் மல்லிகைப்பூவுக்கு ஒரு மூலை, புளித்துவிடக் கூடாது என்று மாவுக்கு ஒரு மூலை. மாவு டப்பாவின் மூடி வழியில் திறந்துகொண்டதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

2 ஜூன் 2024

இரண்டாவது பேட்டரி. இதற்காகத்தான் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள் போல.

முதலில் என்ன வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி டிக்கியில் வைக்காதீர்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், வளைவில் ஆசிட் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், நீங்கள் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஓட்டுவீர்கள்.

மலிவான வழி, யுபிஎஸ்ஸில் போடும் மூடிய 42 ஆம்பியர் மணி பேட்டரி. பதினான்கு கிலோ, எந்த ஊரிலும் கிடைக்கும். இதையும் கார் பேட்டரியையும் ஒரு வோல்டேஜ் ரிலே வழியாக இணைத்தால் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். வோல்ட் 13.3 தாண்டினால் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். நின்றபின் ஃப்ரிட்ஜ் இரண்டாவதை மட்டும் தின்னும். பழைய வண்டிகளுக்கு இது கச்சிதம். எங்கள் பழைய டீசல் வண்டியில் வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது.

புது வண்டிகளில் இதே ரிலே ஏமாற்றும். பிஎஸ்6 புகை விதி வந்த 2020-க்குப் பிறகான பல கார்களில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட் கொடுப்பதில்லை. எரிபொருள் மிச்சம் பிடிக்க, பேட்டரி போதுமான அளவு நிறைந்ததும் 12.5 பக்கம் இறக்கிவிட்டு, பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். ரிலே பாவம், சேர்வதும் பிரிவதுமாகத் தட்டிக்கொண்டே இருக்கும், பின் பேட்டரி அரைகுறையாகவே கிடக்கும். அதற்கு டிசி டிசி சார்ஜர் வேண்டும். உள்ளே எவ்வளவு வந்தாலும் பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐ அதுவே தயாரித்துக் கொடுக்கும்.

லித்தியம் வாங்கும் ஆசை உள்ளவர்களும் டிசி டிசியைத்தான் போட வேண்டும், பழைய வண்டியாக இருந்தாலும். காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3-இல் நிற்கும். ரிலே 12.8-க்கு இறங்கினால்தான் பிரியும். இறங்கவே இறங்காது. ஆக, நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது இரண்டு பேட்டரியும் கைகோத்தபடியே இருக்கும், எதற்கு ரிலே வைத்தோமோ அது நடக்காது. மேலும் காலி லித்தியம் ஆல்டர்னேட்டரிடம் கிடைப்பதையெல்லாம் இழுக்கும், ஐடிலில் விசிறிக் காற்றும் குறைவு, ஆல்டர்னேட்டர் சூடேறிப் புகையும்.

100 ஆம்பியர் மணி லித்தியம் பன்னிரண்டு கிலோதான், 1,280 வாட் மணி. இரண்டு நாள் மலைமேல் உட்காரலாம். பானட்டுக்குள் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் அதை சார்ஜ் செய்யக் கூடாது என்று பெரும்பாலானவற்றில் போட்டிருப்பார்கள். சீட்டுக்கு அடியில் வையுங்கள், பட்டை போட்டு இறுக்குங்கள்.

3 ஜூன் 2024

புது வண்டிக்காரர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு குட்டிப் பெட்டி ஒட்டியிருந்தால் அது சென்சார், மின்சாரம் போவது வருவதை எண்ணிக்கொண்டிருக்கும். உங்கள் ஃப்ரிட்ஜின் மைனஸ் வயரை அந்த முனையிலேயே மாட்டினால் நீங்கள் இழுத்தது அதன் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நம்பி வண்டி சார்ஜைக் குறைத்துவிடும். பக்கத்தில் பாடியில் எர்த் போல்ட் இருக்கும், அதில் மாட்டுங்கள்.

15 ஜூன் 2024

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டது: "நம்ம வண்டி 24 வோல்ட்டு. ஒரு பேட்டரியில மட்டும் 12 எடுத்து ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்கலாமா? மெக்கானிக் அப்படித்தான் ரேடியோவுக்குக் கொடுத்திருக்காரு."

வேண்டாம் அண்ணே. ரேடியோ இழுப்பது கொஞ்சம், அது தப்பித்துவிடும். ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினம் இறங்கும். சார்ஜ் ஏறும்போது ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 என்று மட்டும் பார்க்கும். இறங்கியது அரைகுறையாகவே நிற்கும், மற்றது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் கொதித்துக் காயும். கொஞ்ச காலத்தில் இரண்டும் போகும். உங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால் 12/24 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நேராக 24-ஐக் கொடுங்கள், அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், கட் ஆஃபும் தானாக மாறிவிடும். ஆம்பியர் பாதியாகிவிடுவதால் வயர் இழப்பும் குறையும். இந்த இழையில் எல்லாரையும்விட உங்களுக்குத்தான் வசதி.

11 ஆகஸ்ட் 2024

கூரைமேல் சோலார் போட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். அழகாக இருக்கிறது. 100 வாட் பேனல், படுக்கைவாட்டில், நம் வெயிலில் நல்ல நாளுக்கு 350 முதல் 400 வாட் மணி தரும். 25 டிகிரியில் அளந்த 100 வாட் அது. தகரக் கூரைமேல் 65 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சராசரி இரண்டு ஆம்பியர் தின்னும் ஃப்ரிட்ஜுக்கு நாளைக்கு 576 வாட் மணி வேண்டும். பாதிக்கு மேல் சோலார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லலாம்.

ஆனால் பேனலுக்காக வெயிலில் நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் அதிகம் தின்கிறது, ஃப்ரிட்ஜுக்காக நிழலில் நிறுத்தினால் பேனல் தூங்குகிறது. மடக்கும் பேனலை நீளமான வயரோடு வெயிலில் விரித்துவிட்டு, காரை வேப்பமரத்தடியில் நிறுத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆடு மாடு வரும் இடமென்றால் கூடவே ஒரு ஆள் வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி, ஃப்ரிட்ஜின் வீட்டு அடாப்டரில் சொருகி மறுபடி 12 ஆக்குகிறேன் என்கிறவருக்கு: ஏறும்போது பத்து சதவீதம், இறங்கும்போது பத்து சதவீதம் வீண். இருப்பதே 12, தேவைப்படுவதும் 12.

20 அக்டோபர் 2024

வாடகைக் காருக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். வயர் இழுக்க முடியாது, ஆகவே 500 வாட் மணி பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி) ஒன்று. சராசரி 20 வாட்டில் ஃப்ரிட்ஜை ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டும். ஓடும் காரில் சாக்கெட்டிலிருந்து 100 வாட் வாக்கில் ஏற்றினால் ஐந்து ஆறு மணி நேரத்தில் நிறையும். அந்தச் சாக்கெட்டைப் பற்றி ஏப்ரல் 9 குறிப்பைப் பாருங்கள், இதற்கும் அதே கதைதான். பிளக்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஏற்றும் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் கேள்வியைக் கேட்டவரும் வந்திருக்கிறார். 4 ஸ்கொயர் இழுத்துவிட்டாராம், கட் ஆஃப் ஹையில் இருக்கிறதாம், இப்போது 42 ஆம்பியர் யுபிஎஸ் பேட்டரியும் ரிலேயும் வாங்கலாமா என்கிறார். உங்கள் பயணத்துக்குத் தேவையில்லை. இரண்டு பாட்டிலை உறையவைத்து எடுத்துப் போய்ப் பாருங்கள், பற்றாவிட்டால் பிறகு வாங்கலாம். வாங்கினால் ரிலேயிலிருந்து பின் பேட்டரிக்குப் போகும் வயரை 6 ஸ்கொயராக மாற்றி, இரண்டு முனையிலும் 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இப்போது இரு பக்கமும் பேட்டரி இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது.